பழைய பேஸ்பால் கார்டை எங்கே வாங்குவது? வாங்கும் இடத்தைப் பொறுத்தே உங்கள் உரிமை

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். அவருக்கு வயது நாற்பத்தேழு. பதின்மூன்று வயது மகன் பேஸ்பால் ஆடுகிறான். பள்ளிக்காக அவன் ரொபர்டோ கிளெமென்டேயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியதிலிருந்து தந்தைக்கும் அந்த வீரர்மீது பெரும் பற்று உண்டாகிவிட்டது. சரியாக 3,000 ஹிட்களுடன் ஆட்ட வாழ்க்கையை முடித்து, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிச் சென்ற விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்ததில் உயிரிழந்தவர் கிளெமென்டே. வீரர்களின் படத்தை அச்சிட்டு வெளியிடும் சிறு அட்டைகளே பேஸ்பால் கார்டுகள். கிளெமென்டேயின் முதல் கார்டான, டாப்ஸ் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட 164-ஆம் எண் கார்டையும், அந்தக் காலத்தைச் சேர்ந்த வேறு சில கார்டுகளையும் வாங்க வாசகர் 12,000 டாலர் ஒதுக்கியிருக்கிறார்.

இப்போது அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. இணையத்தில் அறிமுகமான ஒருவர், கார்டுகளை ஆராய்ந்து தரமிடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் பத்துக்கு 5 என்று தரமிட்டு பிளாஸ்டிக் உறையிட்ட அந்த கிளெமென்டே கார்டை, அண்மை விற்பனை விலைகளைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் பணத்தை, வங்கிக் கணக்குகளுக்கு இடையே உடனடியாக அனுப்பும் ஜெல் (Zelle) சேவை வழியாகவோ, பேபாலில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற முறையிலோ உடனே அனுப்ப வேண்டும் என்கிறார். இரண்டாவது, அண்டை வீட்டில் தனியே வசிக்கும் எண்பது வயது அம்மையாரிடம், காலமான அவருடைய கணவர் சிறுவயதில் சேர்த்த கார்டுகள் ஒரு காலணிப் பெட்டி நிறைய இருக்கின்றன. அதை 300 டாலருக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்பது வாசகரின் எண்ணம். மூன்றாவது, ஏல நிறுவனம் ஒன்றில் பதிவு செய்துகொள்வது.

‘உறையிட்ட கார்டு போலியாக இருக்க முடியாது’, ‘எந்தப் பொருளையும் மூன்று நாளுக்குள் திருப்பித் தர இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது’, ‘போலிக் கார்டு அச்சிடுவதையே சட்டம் தடுத்திருக்கிறது’ என்று மூன்று நம்பிக்கைகளையும் அவர் குறிப்பிடுகிறார். ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்தே கார்டு வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னாராம். ‘எங்கே வாங்கினால் குறைந்த விலைக்கு, ஏமாறாமல் வாங்கலாம்?’ என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

மகனுடைய ஆர்வத்தை உங்களுடையதாகவும் ஆக்கிக்கொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. நீங்கள் கேட்டிருப்பது விலை குறைந்த இடத்தை. நுகர்வோர் வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞராக நான் அதை வேறு விதமாகக் கேட்பேன்: வாங்கிய பிறகு கார்டில் குறை தெரியவந்தால், யாரிடம், எந்தக் காகிதத்தைக் காட்டி, எத்தனை நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்? ஒவ்வொரு இடத்திலும் இதற்கான விடை மாறுகிறது. விலையில் நீங்கள் காணும் வேறுபாட்டில் ஒரு பகுதி, உண்மையில் இந்தப் பாதுகாப்புக்கான விலைதான்.

அந்த கிளெமென்டே கார்டு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதுதான் அவசரமானது. அவர் கேட்கும் முறையில் பணம் அனுப்பாதீர்கள்.

பேபாலில் ‘பொருட்கள், சேவைகள்’ என்ற முறையில் செலுத்தினால், பொருள் வராமல் போனாலோ, சொன்னதற்கு மாறாக இருந்தாலோ 180 நாட்களுக்குள் முறையிடலாம். ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற முறையில் அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜெல் வழியில் நிலைமை இன்னும் கடினம். மின்னணுப் பணமாற்றத்துக்கான கூட்டாட்சிச் சட்டம், உங்கள் அனுமதியின்றி யாரோ பணத்தை எடுத்தால்தான் வங்கியைப் பொறுப்பாக்குகிறது. நீங்களே விரும்பி அனுப்பிய பணம், ஏமாற்றப்பட்டு அனுப்பியதாகவே இருந்தாலும், பெரும்பாலும் அந்தப் பாதுகாப்புக்குள் வராது.

கட்டணத்தை மிச்சப்படுத்தவே அப்படிக் கேட்பதாக விற்பவர் சொல்லக்கூடும். அந்தக் கட்டணம் 3 சதவீதத்தை ஒட்டியது. ‘அந்த 3 சதவீதத்தை நானே சேர்த்துத் தருகிறேன், பொருட்களுக்கான முறையிலேயே செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு இதை மறுக்கக் காரணம் இல்லை. அவர் மறுத்தாலோ, வேறொருவர் வாங்கக் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்தினாலோ, பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். நான்கில் ஒரு பங்கு விலைக் குறைப்பை 3 சதவீதச் சிக்கனத்தால் விளக்க முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அவர் ஒப்புக்கொண்டால் அடுத்த படி இது. அன்றைய தேதியும் உங்கள் பெயரும் கையால் எழுதிய தாளை உறையின் பக்கத்தில் வைத்து, முன்புறமும் பின்புறமும் புதிதாக எடுத்த படங்களைக் கேளுங்கள். உறையிலுள்ள சான்றிதழ் எண்ணை பி.எஸ்.ஏ. தளத்தில் தேடுங்கள். அதே எண் கொண்ட கார்டு முன்பு ஏலத்தில் விற்றிருந்தால் அந்தப் பழைய படத்தையும் கண்டெடுத்து, ஓரங்களின் அகலம், அச்சில் விழுந்த சிறு புள்ளிகள், மூலைகளின் மழுங்கல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அச்சுப் புள்ளிகள் ஒவ்வொரு கார்டுக்கும் கைரேகையைப் போன்றவை. இரண்டு படங்களிலும் அவை ஒத்துப்போகாவிட்டால், எண் உண்மையானதாக இருந்தாலும் உறைக்குள் இருப்பது வேறு கார்டு.

உறை எதற்கு உறுதி, எதற்கு இல்லை

உங்கள் முதல் நம்பிக்கைக்கு இங்கே திருத்தம் தேவைப்படுகிறது. பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கார்டின் உண்மைத்தன்மையையும் நிலையையும் ஆராய்ந்து, பெரும்பாலும் 1 முதல் 10 வரை எண்ணிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகின்றன. சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். இந்த ஏற்பாடு சந்தைக்குப் பெரும் நன்மை செய்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் தரம் என்பது ஒரு நிறுவனத்தின் கருத்து.

இதற்கு இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற கார்டே சாட்சி. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தரப்பட்ட, டி206 என்ற தொகுப்பில் வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் கார்டுகளில் ஒன்றை, ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991-ஆம் ஆண்டு ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் கார்டு அதுதான். பெற்ற எண் 8. அந்தக் கார்டை முன்பு விற்றவரான பில் மாஸ்ட்ரோ, தம் ஏல நிறுவனத்தில் போலி ஏலக் கேட்புகளால் விலையை ஏற்றிய மோசடி வழக்கில் 2013-ஆம் ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அதன் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். 2015-ஆம் ஆண்டு அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஓரம் வெட்டியது தெரிந்தால் எந்தக் கார்டுக்கும் எண் தரப்படுவதில்லை என்பதே இத்துறையின் விதி. கோடிக்கணக்கானோர் அறிந்த கார்டிலேயே அது கண்ணுக்குத் தப்பியது.

பி.எஸ்.ஏ. தன் தரத்துக்குப் பண உத்தரவாதம் ஒன்றைத் தருகிறது. தவறாகத் தரமிட்டது மறுஆய்வில் உறுதியானால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மதிப்பிழப்பை ஈடுசெய்யும். இந்த உத்தரவாதம் அவர்கள் உறையிட்ட கார்டுக்கு மட்டுமே உரியது. உண்மையான எண்ணைத் திருடி அச்சிட்ட போலி உறைக்கும், விளிம்பைப் பிளந்து உள்ளே கார்டை மாற்றி மீண்டும் ஒட்டிய உறைக்கும் அது பொருந்தாது. எனவே உறையைக் கையில் வாங்கியதும் அதன் விளிம்புகளில் வெண்மையான கீறலோ பசைத் தடமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

உறையிடாத கார்டை வாங்குவதானால் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டுகள் 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டவை. இன்றைய வழக்கமான 2½, 3½ அங்குல அளவு 1957-ஆம் ஆண்டில்தான் வந்தது. டாப்ஸ் நிறுவனமே 1952 தொகுப்பை 1983-ஆம் ஆண்டில் மறுபதிப்பாக வெளியிட்டபோது இந்தச் சிறிய அளவில்தான் அச்சிட்டது. ஆகவே அளவுகோல் ஒன்றே பல மறுபதிப்புகளைக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். உண்மையான பழைய அச்சில் கரிய எழுத்தும் கோடும் பொதுவாகத் திண்மையாக இருக்கும். படமெடுத்து நகலாக்கிய கார்டில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புறஊதா விளக்கில் பளிச்சென்று நீல வெண்மையாக ஒளிரும் தாள், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டாக இருக்க வாய்ப்பில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் நன்கொடையாகத் தந்த தொகுப்பில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்பால் கார்டுகள் இருக்கின்றன. டி206 போன்ற எண்முறையை வகுத்தவரும் அவரே. அந்தத் தொகுப்பிலிருந்து காட்சிக்கு வைக்கப்படும் கார்டுகளை மகனுடன் சென்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இருக்காது.

சேகரிப்பாளர்கள் வாங்கும் இடங்கள்

மிகப் பெரிய சந்தை ஈபே. அங்கே உங்களுக்குக் கிடைக்கும் முதல் நன்மை விலைச் சான்று. கேட்கும் விலையைப் பார்க்காமல், ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தட்டி, அதே கார்டு அதே தரத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்று பாருங்கள். பேரம் பேசி முடிந்த விலைகளை 130பாயிண்ட் என்ற தளம் காட்டும். பழைய கார்டுகளின் ஏல விலைகளுக்கு விண்டேஜ் கார்டு பிரைசஸ் என்ற கட்டணச் சேவையும், பி.எஸ்.ஏ.வின் ஏல விலைப் பட்டியலும் உள்ளன. இரண்டாவது நன்மை திருப்பும் உரிமை. பொருள் விவரித்தபடி இல்லையென்றால், விற்பவர் ‘திருப்ப முடியாது’ என்று எழுதியிருந்தாலும், பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் ஈபேயிடம் முறையிடலாம். குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கார்டுகளை உங்களிடம் அனுப்பும் முன் நிபுணர்களிடம் சரிபார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. ‘ஈபேக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், விலையைக் குறைக்கிறேன்’ என்று விற்பவர் எழுதினால், இந்த உரிமைகள் அனைத்தையும் அந்த விலைக் குறைப்புக்கு நீங்கள் விற்றுவிடுகிறீர்கள்.

அடுத்தது ஏல நிறுவனங்கள். ஹெரிட்டேஜ், ராபர்ட் எட்வர்ட் ஆக்‌ஷன்ஸ், கோல்டின், லேலண்ட்ஸ் போன்றவை அரிய கார்டுகளுக்கு முதன்மையான இடம். 1952 டாப்ஸ் மிக்கி மான்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் ஹெரிட்டேஜில்தான் 1.26 கோடி டாலருக்குப் போயிற்று. உங்கள் அளவிலான தொகைக்கும் அங்கே நல்ல கார்டுகள் வருகின்றன. ஆனால் இறுதிக் கேட்பு நீங்கள் செலுத்தும் விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கட்டணம் சேரும். பொதுவாக அது 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பல மாநிலங்களில் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு விற்பனை வரி விதிக்கப்படும். 5,000 டாலருக்கு நீங்கள் ஏலம் எடுத்தால், 20 சதவீதக் கட்டணத்துடன் 6,000. வரி 7 சதவீதம் என்று கொண்டால் 6,420. அதற்குமேல் அனுப்பும் செலவும் காப்பீடும். ஆகவே உச்ச வரம்பை மொத்தத் தொகையில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஏலம் கேளுங்கள்.

ஏல விதிகளை முழுவதும் படியுங்கள். பி.எஸ்.ஏ. போன்ற வெளி நிறுவனம் தரமிட்ட கார்டைத் திருப்ப முடியாது என்றும், தகராறை அவர்கள் குறிப்பிடும் ஊரிலோ நடுவர் முன்போதான் தீர்க்க வேண்டும் என்றும் பல விதிமுறைகள் சொல்கின்றன. அதே சமயம் உங்களுக்குச் சாதகமான சட்டமும் ஒன்று உண்டு. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுள்ள சீர்மை வணிகச் சட்டத்தின்படி, விற்பவர் தம் பொருளுக்குத் தாமே கேட்பதை முன்கூட்டி அறிவிக்காமல், அவரோ அவருக்காக வேறொருவரோ கேட்டு விலையை ஏற்றியது தெரியவந்தால், வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம், அல்லது கடைசி நேர்மையான கேட்பின் விலைக்கே பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

கண்காட்சிகளை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். 1980-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்ட், கிளீவ்லாண்ட், அட்லாண்டிக் சிட்டி ஆகிய ஊர்களில் மாறி மாறி நடந்து வந்திருக்கிறது. பிலடெல்பியா பகுதியில் நடக்கும் ஃபில்லி ஷோ போன்ற வட்டாரக் கண்காட்சிகளும் பல உள்ளன. ஒரே கார்டை ஐந்தாறு மேசைகளில் வெவ்வேறு நிலையில் கையிலெடுத்து ஒப்பிடும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. விலையும் பேசிக் குறைக்கலாம். ரொக்கம் கொடுத்தால் கூடுதலாகக் குறைப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் ரசீது இல்லாத ரொக்கம் உங்களை வெறுங்கையாக நிறுத்திவிடும். கார்டின் ஆண்டு, எண், நிலை, ‘ஓரம் வெட்டப்படாத மூலக் கார்டு’ (அதாவது நகலோ மறுபதிப்போ அல்ல) என்ற சொற்கள், விற்பவரின் பெயர், முகவரி ஆகியவற்றுடன் இரண்டு வரியில் ரசீது எழுதி வாங்குங்கள்.

சொந்தத் தளத்தில் விற்கும் பழைய கார்டு வணிகர்களும் இருக்கிறார்கள். சின்சினாட்டியின் டீன்ஸ் கார்ட்ஸ் அவர்களில் ஒருவர். விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் நிலையை அவர்களே மதிப்பிட்டு எழுதி, திருப்பும் விதியையும் வெளியிட்டிருப்பார்கள். அருகிலுள்ள கார்டு கடையை மறக்க வேண்டாம். பெரும்பாலும் புதிய கார்டுகளே அங்கே அதிகம் என்றாலும், தகராறு வந்தால் வழக்கறிஞர் இன்றி நீங்களே சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர்ச் சிறு உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பரண்களிலும் பழைய வீடுகளிலும் புதையல் கிடைப்பது கதையல்ல. 2012-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில் ஒரு வீட்டுப் பரணில், நூறாண்டுப் பழமை கொண்ட கார்டுகள் எழுநூறு அளவில் புத்தம் புதியவை போலக் கிடைத்தன. ஆனால் ‘தாத்தாவின் பரணில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது’ என்பது போலிகளை விற்பவர்கள் அதிகம் சொல்லும் சொல்லும்கூட. கதைக்கு விலை கொடுக்காதீர்கள்.

திருப்பும் உரிமை பற்றிய தவறான எண்ணங்கள்

மூன்று நாளில் திருப்பலாம் என்ற விதி இருக்கிறது; ஆனால் நீங்கள் நினைக்கும் அகலத்தில் இல்லை. கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அந்த விதி, வீட்டுக்கு வந்து விற்பவருக்கும், விடுதி, மாநாட்டு அரங்கு போன்ற தற்காலிக இடங்களில் நடக்கும் 130 டாலரோ அதற்கு மேலோ ஆன சில விற்பனைகளுக்கும் உரியது. நிலையான கடையில் வாங்கியதற்கும், முழுவதும் இணையத்தில் வாங்கியதற்கும் பொருந்தாது. கண்காட்சி மேசையில் வாங்கியதற்குப் பொருந்தும் என்று வாதிட இடமுண்டு என்றாலும், அந்த வாதத்தை நம்பி ஆயிரக்கணக்கில் செலவிடச் சொல்லமாட்டேன். கடைக்காரர் திருப்பும் விதி வைத்திருக்கிறாரா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குவதுதான் வழி.

போலிக் கார்டுக்குத் தனித் தடைச் சட்டம் இருப்பதாக நீங்கள் எண்ணுவதும் சரியல்ல. 1973-ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் நாணயங்களின் நகல்களில் ‘நகல்’ என்ற முத்திரையையும், அரசியல் நினைவுப் பொருட்களின் நகல்களில் தயாரித்த ஆண்டையும்தான் கட்டாயமாக்குகிறது. விளையாட்டுக் கார்டுகள் அதில் இல்லை. ஆகவே முத்திரை இல்லாததால் ஒரு கார்டு மூலக் கார்டு என்று ஆகிவிடாது. நகலை மூலம் என்று சொல்லி விற்பது மோசடி. அதற்குப் பொதுவான மோசடிச் சட்டங்கள் உண்டு. தபாலில் வந்திருந்தால் தபால் புலனாய்வுத் துறையிடமும், இணையம் வழி நடந்திருந்தால் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திடமும், இரண்டிலும் உங்கள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திடமும் புகார் தரலாம். புகாரால் பணம் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பணத்தை மீட்க உண்மையில் உதவுபவை இரண்டு. ஒன்று கடன் அட்டை. பொருள் வரவில்லை, ஒப்புக்கொண்டபடி இல்லை என்ற தகராறை, அந்தச் செலவு இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் அட்டை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது. பொருளின் தரம் பற்றிய தகராறாக இருந்தால், விலை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், உங்கள் மாநிலத்திலோ உங்கள் முகவரிக்கு 100 மைலுக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும், முதலில் விற்பவரிடம் தீர்க்க முயன்றிருக்க வேண்டும் என்ற வரம்புகள் உண்டு. அட்டை நிறுவனங்களின் சொந்த விதிகள் பல நேரங்களில் இதைவிடத் தாராளமானவை.

மற்றொன்று, விற்பவர் எழுதிய விவரிப்பு. ‘1955 டாப்ஸ், மூலக் கார்டு’ என்று அவர் எழுதினால் அந்தச் சொற்களே சட்டப்படி உத்தரவாதமாகின்றன. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் ரசீதில் இருந்தாலும், பொதுவாக அது இந்த வெளிப்படையான உத்தரவாதத்தை அழிப்பதில்லை. வழக்குத் தொடர ஒப்படைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை காலம் இருந்தாலும், குறையைக் கண்டதும் நியாயமான காலத்துக்குள் விற்பவருக்குத் தெரிவிக்கத் தவறினால் உரிமை போய்விடும். நீங்கள் வசிப்பது லூசியானாவாக இருந்தால் அங்கே விற்பனைச் சட்டம் வேறு. உள்ளூர் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெட்டி

இதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும், என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். தமக்குத் தெரிந்த மதிப்பை விற்பவரிடம் சொல்ல வேண்டிய கடமை வாங்குபவருக்குப் பொதுவாக இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த அம்மையார் ‘இது எவ்வளவு பெறும்?’ என்று உங்களிடம் கேட்டு, நீங்கள் குறைத்துச் சொன்னால், அது தவறான கூற்றின் அடிப்படையில் நடந்த விற்பனை ஆகிவிடும். அவர் அன்றாடம் உங்களை நம்பி உதவி கேட்பவராக இருந்தால் நீதிமன்றம் அந்த உறவையும் கருத்தில் கொள்ளும். முதியோரைப் பொருளாதார ரீதியாகச் சுரண்டுவதற்கு எதிராகப் பல மாநிலங்கள் தனிச் சட்டங்களும் வைத்திருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் கார்டுகள் அவருக்கே உரியவையா? கணவர் உயிலில் அவற்றை மகனுக்கோ பேரனுக்கோ எழுதியிருந்தால், அவரால் உங்களுக்கு உரிமையைத் தர இயலாமல் போகலாம். நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் பின்னர் கார்டுகளைத் திருப்பித் தர நேரிடும்.

என் யோசனை இதுதான். அவருடைய பிள்ளைகளில் ஒருவரும் உடனிருக்க, கார்டுகள் மதிப்புள்ளவையாக இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்லவற்றைத் தரமிட அனுப்பவோ ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கவோ உதவுங்கள். உங்கள் மகனுக்குப் பிடித்த சில கார்டுகளை, அண்மை விற்பனைகளைக் காட்டி, நியாய விலைக்கு எழுத்துமூலம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மையார் கணவரைப் பற்றிச் சொல்வதை அவன் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், அந்தக் கார்டுகள் எங்கிருந்து வந்தவை என்ற வரலாறும் அவற்றோடு சேர்ந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதை மிகவும் மதிப்பார்கள்.

ஓய்வூதியக் கணக்கும் வரியும்

நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். தனிநபர் ஓய்வூதியக் கணக்கிலிருந்து சேகரிப்புப் பொருள் வாங்கினால், அந்தத் தொகையை நீங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாகவே வரிச் சட்டம் கொள்ளும். உங்கள் வயதில் பொதுவாக வருமான வரியோடு 10 சதவீதக் கூடுதல் வரியும் சேரும். சட்டத்திலுள்ள பட்டியலில் கலைப்பொருள், பழம்பொருள், தபால்தலை, நாணயம் போன்றவை இருக்கின்றன. பேஸ்பால் கார்டு என்ற பெயர் இல்லை. அந்த இடைவெளியை வைத்து வாதிடுபவர்கள் இருக்கலாம். ஓய்வூதியச் சேமிப்பை அதற்குப் பணயம் வைப்பது தகாது.

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து இலாபத்தில் விற்றால், சேகரிப்புப் பொருளின் நீண்டகால இலாபத்துக்குக் கூட்டாட்சி வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கான 20 சதவீத உச்சம் இங்கே பொருந்தாது. 2018 முதல், ஒரு கார்டைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொள்வதும் விற்பனையாகவே கணக்கிடப்படுகிறது. சொந்த மகிழ்ச்சிக்காக வைத்திருந்த கார்டை நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தைக் கழிக்க முடியாது. எனவே ஒவ்வொரு ரசீதையும், கட்டணம், வரி, தரமிடும் செலவு உட்படப் பத்திரப்படுத்துங்கள்.

12,000 டாலரைப் பொறுத்தவரை, முழுத் தொகையையும் ஒரே கார்டில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. அதே 1955 கிளெமென்டே கார்டு 2 அல்லது 3 என்ற தரத்தில், படம் நடுவில் அமைந்து நிறம் மங்காமல் இருந்தால், பார்க்க அழகாகவும் விலையில் பெரிதும் குறைந்தும் கிடைக்கும். டாப்ஸ் 1955 முதல் 1973 வரை ஒவ்வோர் ஆண்டும் அவருக்குக் கார்டு வெளியிட்டது. பிந்தைய ஆண்டுகளின் கார்டுகளை உங்கள் மகன் தன் கைச்செலவுப் பணத்திலேயே கண்காட்சியில் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம். விலை உயர்ந்ததை வாங்கும் முன் உங்கள் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, சேகரிப்புப் பொருட்களுக்கு எவ்வளவு வரை ஈடு கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பல காப்பீடுகளில் அந்த வரம்பு மிகக் குறைவு. அப்படியானால் சேகரிப்புக்கெனத் தனிக் காப்பீடு எடுத்து, கார்டின் இருபுறப் படத்தையும் சான்றிதழ் எண்ணையும் அவர்களிடம் பதிவு செய்துவிடுங்கள்.